முகடும் சுமையும்

கம்பியில்லாச் செய்தி இந்நாளில் ஒற்றையலை ஏறி வருவதன்று. பற்பல சிற்றலைகளிற் பகுந்து வருவது. சமவலியுடைய 64 சிற்றலைகள் ஒருங்கே முகடெய்துமாயின், அக்கணத்து ஆற்றல் சராசரியினும் 64 மடங்காகும். அரிதாய் நேரும் அத்தகைய முகடுகளுக்கு இடம்விட்டே ஆற்றல்பெருக்கி இயங்க வேண்டியிருத்தலின், மின்சாரம் வெப்பமாய் வீணாகின்றது. முகட்டை வெட்டியெறிந்தால் என்னை என்பார் உளர். வெட்டின் செய்தி சிதையும். அயல் அலைவரிசையிலும் இரைச்சல் புகும்.

ஆதலின், 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற எல்.டி.இ. முறை, கைப்பேசியினின்று கோபுரத்திற்குச் செல்லும் வழிக்கு மட்டும் முகடு தாழ்ந்த வேறோர் அலையமைப்பை விதித்தது. அதனைச் செம்மைசெய்து படிக்கும் கணக்குச் சுமையைக் கோபுரத்தின்மேல் வைத்தது. அதுவே நேரிய நெறியென்பது எம் துணிபு. சிறு மின்கலத்தையே நம்பிய கருவியின் பாரங் குறைத்து, வலியதன் தோளில் ஏற்றுதலன்றோ முறை!