எழுதிக் கொடுத்த திட்டம்

தியானப் பகுதி: 1 நாளாகமம் 28:11-20



ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைக்குப் பயிற்றுநரின் கைகளே பாதுகாப்பு. காற்றில் சுழலும் பிள்ளையைத் தாங்கி இறக்குபவர் அவரே. அவருடைய தோளோ முழங்காலோ அடிபட்டுவிட்டால் என்னவாகும்? பயிற்சி முறை அவர் மனத்தில் மட்டும் இருந்தால், ஒன்று பயிற்சி நின்றுபோகும். அல்லது பிள்ளைகள் தாமாகவே முயன்று விழுவார்கள். திட்டம் எழுத்தில் இருந்தாலோ, உதவியாளர் ஒருவர் உடலை வலுப்படுத்துவதையும், கைகளில் நிற்பதையும், சரியாகத் தரையிறங்குவதையும் தொடர்ந்து பழக்கலாம். அவர் திரும்பும்வரை எதை முயலக் கூடாது என்பதையும் அத்திட்டமே எச்சரிக்கும்.

திரிபுராவின் தீபா கர்மாகரை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதில் பழகத் தொடங்கிய அவருக்கு முதலில் சோமா நந்தியும், பின்பு அவருடைய கணவர் பிஸ்வேஸ்வர் நந்தியும் கற்பித்தனர். ஒருவர் தொடங்கியதை மற்றவர் தொடர்ந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா நான்காம் இடம் பெற்றார், வெண்கலம் 0.150 புள்ளியில் தவறியது. பின்னர் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 2018-இல் துருக்கியில் நடந்த உலக சவால் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். படிப்படியான பயிற்சி வீணாவதில்லை.

இதை நான் தாமதமாகவே கற்றேன். பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தேன். பெற்றோர் ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் திரும்பும்வரை பிள்ளைகளுக்கு நடத்திவந்த மாலை வகுப்பு நின்றது. வாலிபச் சகோதரிகள் இருவர் வந்து, "எதைச் சொல்லிக்கொடுப்பது, ஐயா?" என்று கேட்டார்கள். கையில் கொடுக்க ஒரு தாளும் என்னிடம் இல்லை. வகுப்பு மீண்டும் தொடங்கியபோது ஒரு சிறுவன் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அந்தக் குறை என்னுடையதே.

திட்டம் எழுதுவது விசுவாசக் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆலயத்தைக் கட்டும் பாக்கியம் தாவீதுக்கு அருளப்படவில்லை. ஆயினும் மண்டபங்கள், அறைகள், ஆசாரியரின் பிரிவுகள், பொற்பாத்திரங்களின் நிறை வரை அனைத்தையும் சாலொமோனிடம் ஒப்புவித்தார். கர்த்தருடைய கரத்தினால் தமக்கு அறிவிக்கப்பட்டதையே எழுத்தில் கொடுத்தார். உண்மையில் நம்மைத் தடுப்பது, "நான் இல்லாமல் இது நடவாது" என்னும் பெருமையே.

பாடகர் குழுவோ, பெண்கள் ஐக்கியக் கணக்கோ, ஞாயிறு பள்ளியோ, உங்கள் கையிலுள்ள ஊழியம் எதுவாயினும் இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதுங்கள். இளையவர் ஒருவரை அழைத்து அதை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் அருகிலிருக்கும்போதே அவரைச் செய்யவிடுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் விழும் நாளிலும் உமது பிள்ளைகள் விழாதிருக்க, பெற்றதை ஒப்புவிக்கும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.