பழைய லம்போர்கினியா? புதிய ஹைப்ரிட்டா?

கையில் கிடைக்கிற வண்டியை வாங்குவதா, புதுசுக்குக் காத்திருப்பதா? ஸ்கூட்டர் வாங்குகிறவருக்கு வரும் இதே குழப்பம் கோடீஸ்வரருக்கும் உண்டு!

இத்தாலி நாட்டு லம்போர்கினி கம்பெனியின் 'ஹுராகான்' கார் 2014-ல் வந்தது. 10 சிலிண்டர், 5.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின். 640 குதிரைசக்தி வரை உண்டு. 2024-ல் உற்பத்தி நின்றுவிட்டது. இனி கைமாறி வரும் வண்டிதான்.

அதன் வாரிசு 'டெமராரியோ'. 8 சிலிண்டர், 2 டர்போ, கூடவே 3 மின் மோட்டார். மொத்தம் 920 குதிரைசக்தி! 2.7 விநாடியில் 100 கிலோ மீட்டர் வேகம். 2025-ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 6 கோடி ரூபாய்.

அப்போ புதுசுதானே? அவசரம் வேண்டாம். 'ஹுராகான் டெக்னிகா' 1,379 கிலோ. புதுசோ 1,690 கிலோ. மோட்டாரும் பேட்டரியும் சும்மாவா வரும்?

வேகம்தான் வேண்டும் என்றால் காத்திருங்கள். டர்போ இல்லாத என்ஜினின் அந்தக் கர்ஜனைக்காகத்தான் ஆசை என்றால், நல்ல வண்டியாகப் பார்த்துப் பழசையே முடியுங்கள். ஹைப்ரிட் நாளைக்கும் கடையில் இருக்கும். நின்றுபோன என்ஜின் திரும்பி வருமா? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிடக் கூடாது!