தொழிற்கல்விக்குப் பணம்: கடல் தாண்டும் உதவி எது, தாண்டாத உதவி எது?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. அன்று தொடங்கி, தென் அந்தமானின் குட்வில் எஸ்டேட் போன்ற சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு ஒன்றுதான். பிள்ளையை மேலே படிக்க வைப்பதா? வைத்தால் தீவிலா, தாய்நாட்டிலா? பணத்துக்கு என்ன வழி?

ஒரு குமாஸ்தா குடும்பமும் ஒரு கட்டட மேஸ்திரி குடும்பமும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பதாக வைத்துக் கொள்ளலாம். இரு வீட்டிலும் தேறிய பிள்ளைகள் உண்டு. இருவருக்கும் இன்ஜினீயரிங்கில் நாட்டம். சென்னையில் இருக்கும் உறவினர் போனில் சொல்கிறார்: “இங்கே அனுப்புங்கள். சர்க்கார் எல்லாம் கொடுக்கிறது”. அதை நம்பி மூட்டை கட்டுகிறவர்கள் பலர். அங்கே போன பிறகே, சர்க்கார் கொடுப்பது உண்மைதான், ஆனால் கொடுக்கப்படுவோர் பட்டியலில் தாங்கள் இல்லை என்பது தெரிய வருகிறது.

தொழிற்கல்விக்கு உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. அவை இரண்டு வகை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு வகை, குடும்பத்தின் பூர்வீகத்தையோ பிள்ளை ஒரு மாநிலத்தின் பள்ளியில் படித்ததையோ பார்க்கிறது. மற்றொரு வகை, குடும்பத்தின் வருமானத்தையும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் பார்க்கிறது. முதல் வகை கடல் தாண்டுவது அரிது. இரண்டாவது வகை தாண்டும். தீவுத் தமிழரில் பலர் முதல் வகையை நம்பி இரண்டாவதைத் தவற விடுகிறார்கள்.

தாய் மாநிலத்தின் விதிகள்

தமிழ்நாட்டில் 2021ல் இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித இடம் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ.1,000 தருபவை. இம்மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

அந்தமானின் அரசுப் பள்ளியில், அதுவும் தமிழ் வழியில் படித்த பிள்ளை, கூலித் தொழிலாளியின் பிள்ளையாகவே இருந்தாலும் இந்தச் சலுகைகளுக்குள் வருவதில்லை. தன் மாநிலத்து அரசுப் பள்ளிகளைத் தூக்கி நிறுத்துவதற்காக ஓர் அரசு வகுத்த விதியில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் கடலுக்கு இப்பால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளையும் அதில் சேர்க்கலாகாதா என்ற கேள்வி நியாயமானதே. அதைத் தீவுத் தமிழர் சங்கங்கள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது நல்லது.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருவோருக்குத் தமிழ்நாட்டில் 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இதற்குத் தமிழ்நாட்டுப் பூர்வீகமும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலமான சேர்க்கையும் வேண்டும். வெளியில் படித்தவர்களும் பூர்வீகச் சான்று பெற்றுக் கலந்தாய்வில் கலந்து கொள்ள இடமுண்டு. ஆனால் தீவில் உள்ளூர்வாசி என்று சான்று பெற்று அதன் பயனை அடைகிறவர், தமிழ்நாட்டிலும் பூர்வீகம் கோர முடியாது. எந்தக் கரை என்பதைக் குடும்பம் முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்ள வேண்டும். இரண்டு படகில் கால் வைத்தால் இரண்டும் நழுவும்.

சாதிச் சான்று என்னும் சிக்கல்

தாழ்த்தப்பட்டோருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித் தொகை 1944 முதல் இருந்து வரும் பழைய திட்டம். இதில் தீவுத் தமிழருக்கு ஒரு பெரிய இடர் உண்டு. அரசியல் சட்டத்தின் 341வது பிரிவின்படி, எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்பதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் தனித்தனியே ஜனாதிபதி அறிவிக்கிறார். அந்தமான் நிக்கோபாருக்கு அத்தகைய பட்டியலே கிடையாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறு.

பிழைப்புக்காக மாநிலம் மாறியவர் பழைய மாநிலத்துச் சாதி உரிமையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று 1990ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே தமிழ்நாட்டுச் சான்றைத் தீவின் அலுவலகத்தில் நீட்டிப் பயனில்லை.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்த உதவித் தொகையைத் தர வேண்டியது மாணவர் படிக்கும் மாநிலம் அன்று. அவர் நிரந்தரமாகச் சேர்ந்த மாநிலம். ஆகவே மாற்றலில் வந்த குமாஸ்தாவோ, கான்டிராக்ட் வேலைக்கு வந்த தொழிலாளியோ, ஊரில் நிரந்தர வசிப்பிடத்தை விடாமல் வைத்திருந்தால், பிள்ளை எங்கே படித்தாலும் தமிழ்நாட்டின் மூலம் விண்ணப்பிக்க உரிமை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தலைமுறையாகத் தீவிலேயே குடியேறி, ஊரில் எதுவும் மிச்சமில்லாத குடும்பத்துக்குத்தான் இரு கரையிலும் இடமில்லாமல் போகிறது.

தீவுப் பெண்களுக்கு ஒரு தனி வாய்ப்பு

இனி கடல் தாண்டும் உதவிகள். இவற்றில் முதலிடம் பெறுவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் பிரகதி உதவித் தொகை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டிகிரியோ டிப்ளமோவோ படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு ரூ.50,000. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்கு மேற்படக் கூடாது. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். முதலாண்டில் சேர்ந்தவரும், டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டு டிகிரியில் சேர்ந்தவரும் விண்ணப்பிக்கலாம்.

நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 10,000 பேர் என்று கணக்கிட்டு, போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும் திட்டம் இது. ஆனால் அந்தமான் நிக்கோபார் உள்ளிட்ட சில பிரதேசங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. தகுதியுள்ள விண்ணப்பதாரர் அனைவருக்கும் தருவது என்பது விதி. தீவில் உள்ள கல்லூரியில் சேரும் தீவுப் பெண்ணுக்கு இது ஏறக்குறைய உறுதியான பணம். டிப்ளமோ மூன்று ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம், டிகிரி நான்கு ஆண்டுக்கு ரூ.2 லட்சம்.

இதற்குத் தீவிலேயே கல்லூரி உண்டு. பஹர்கானில் உள்ள டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி 1984ல் பாலிடெக்னிக்காகத் தொடங்கியது. பின்னர் புதுவைப் பல்கலைக்கழக இணைப்பில் பட்டப் படிப்புகளையும் நடத்தத் தொடங்கியது. வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக் கொண்டு பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் கல்லூரி. கையில் ஆண்டுக்கு அரை லட்சம். இதை விட்டு, கடன் வாங்கி மகளைத் தாய்நாட்டின் பெயர் தெரியாத தனியார் கல்லூரிக்கு அனுப்புவது லாபமா என்று பெற்றோர் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நாற்பது சதவிகிதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களுக்கு ‘சக்ஷம்’ என்றும், பெற்றோரை இழந்தவர்களுக்கும் பணியில் உயிர்த் தியாகம் செய்த ராணுவத்தினர், மத்திய துணை ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கும் ‘ஸ்வநாத்’ என்றும் இதே ரூ.50,000 தரும் திட்டங்கள் உண்டு. இவ்விரண்டிலும் ஆண், பெண் பேதமில்லை.

பையன்களின் பாடு

ஆண் பிள்ளைகளுக்கு இத்தனை தாராளம் இல்லை. பிளஸ் டூவில் தன் போர்டில் முதல் 20 சதவிகிதத்தில் வந்தவருக்கு, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய கல்வி அமைச்சகத்தின் உதவித் தொகை உண்டு. முதல் மூன்று ஆண்டு ரூ.12,000 வீதம், பி.டெக். நான்காம் ஆண்டில் ரூ.20,000. ஆக மொத்தம் ரூ.56,000. டிப்ளமோ படிப்பவருக்கு இது கிடையாது. ஆண்டுதோறும் 50 சதவிகித மதிப்பெண்ணும் 75 சதவிகித வருகையும் இல்லாவிட்டால் புதுப்பிக்கப்படாது. சிவில், மெக்கானிக்கல் போன்ற மூலப் பிரிவுகளுக்கென ‘யஷஸ்வி’ என்ற திட்டமும் உண்டு. ஆனால் தொகை சிறிது. நாடு முழுவதற்கும் இடங்கள் சில ஆயிரமே.

நன்றாகப் படிக்கும் பையனுக்கு வேறொரு வழி காரைக்காலில் இருக்கிறது. அங்குள்ள புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சொந்தப் பிரதேசத்தாருக்கான இட ஒதுக்கீட்டில் அந்தமான் நிக்கோபாருக்கும் பங்கு உண்டு. இங்கே பூர்வீகம் எது என்று யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூவை எங்கே தேறினார் என்பதே கணக்கு. ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுதித் தரவரிசை பெற வேண்டும். இத்தகைய தேசியக் கழகங்களில் குடும்ப வருமானம் ரூ.1 லட்சத்துக்குக் குறைந்தால் கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடி, ரூ.1 லட்சம் முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதிச் செலவு தனி. தமிழ் பேசும் ஊர், தகுதியான கல்லூரி, குறைந்த கட்டணம். ஆனால் பிளஸ் டூ முடிந்த பிறகு இதைக் கேள்விப்பட்டுப் பயனில்லை. பத்தாம் வகுப்பிலேயே தயார் செய்ய வேண்டிய காரியம்.

கடனும் வட்டியும்

உதவித் தொகை போதாதபோது பாங்குக் கடன். பொதுவாக ரூ.4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய உத்தரவாத நிதி இருக்கிறது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக் கொண்டிருக்கும். இதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டில் நான்கு லட்சம் வாங்குவதாகக் கொள்ளலாம். வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக் கொண்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் லட்சத்துக்கு வட்டி ரூ.50,000; இரண்டாவதற்கு ரூ.40,000, மூன்றாவதற்கு ரூ.30,000, நான்காவதற்கு ரூ.20,000. ஆக, முதல் சம்பளம் வாங்கும் முன்பே வட்டி மட்டும் ரூ.1.4 லட்சம்.

குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்த வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. ஆனால் கல்லூரி ‘நாக்’ அங்கீகாரமோ, படிப்பு என்.பி.ஏ. அங்கீகாரமோ பெற்றிருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத கல்லூரியில் சேர்த்து விட்டு, பிறகு வட்டிச் சலுகை கேட்டால் கிடைக்காது. கமிஷன் வாங்கிக் கொண்டு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவிகித வட்டிச் சலுகை உண்டு. ரூ.4.5 லட்சத்தைத் தாண்டி விட்ட குமாஸ்தாக்களுக்கு இது ஆறுதல். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிலையங்களுக்கு மட்டுமே. அறிவித்தபோது அந்தப் பட்டியலில் இருந்தவை 860. சேரும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மேஸ்திரி வீட்டுக்கு

கட்டடத் தொழிலாளிக்கு வேறொரு உரிமை உண்டு. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தால் நல வாரியங்கள் அமைந்தன. கட்டடச் செலவில் பிடிக்கப்படும் செஸ் வரிதான் அவற்றின் நிதி. பதிவு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருவது இந்த வாரியங்களின் கடமைகளில் ஒன்று. பதினெட்டு வயது முதல் அறுபது வயதுக்குள், கடந்த ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் பதியலாம். சாதியோ பூர்வீகமோ இதில் பேச்சில்லை. வேலை செய்யும் இடம்தான் பேச்சு. ஆனால் மகன் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஓடிப் போய்ப் பதிவு கேட்பதைவிட, இன்றே பதிந்து ஆண்டுதோறும் புதுப்பித்து வருவது புத்திசாலித்தனம்.

காகிதமே வாசல்

மத்திய உதவித் தொகைகள் பலவற்றுக்கு, 2015ல் தொடங்கிய தேசிய உதவித் தொகை இணையதளமே வழி. விண்ணப்பம் அனுப்பி விட்டால் வேலை முடிந்ததாகாது. கல்லூரியின் பொறுப்பு அதிகாரி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். பிறகு மேல்மட்டத்திலும் சரிபார்க்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால், தவறு மாணவருடையதாக இல்லாவிட்டாலும் பணம் அவருக்குத்தான் போகும். கெடு முடியும் முன் கல்லூரிக்குப் போய், ‘என் விண்ணப்பம் மேலே போய்விட்டதா’ என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தாசில்தாரின் வருமானச் சான்று, ஆதார் இணைந்த பாங்குக் கணக்கு, ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் ஒரே மாதிரியான பெயர் — இம்மூன்றும் முடிவு வரும் முன்பே தயாராக இருக்க வேண்டும். தமிழர் பெயர்களில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்பது வழக்கம். அந்த ஒரு எழுத்தே ஐம்பதாயிரம் ரூபாயைத் தடுத்து நிறுத்தி விடலாம்.

பிழைக்க வந்த கரையில் ஒரு குடும்பம் இரண்டு தலைமுறை உழைத்த பின்னும், சலுகை என்று வரும்போது இரண்டு கரையும் கைவிரிப்பது வருத்தத்துக்குரியது. அது மாற, இரண்டு அரசுகளும் விதியை மாற்ற வேண்டும், அதற்கு நாளாகும். கல்லூரிச் சேர்க்கை அதுவரை காத்திருக்காது. ஏற்கெனவே கடல் தாண்டி வந்து நிற்கும் உதவிகளை இந்த ஆண்டே கேட்டு வாங்குவது குட்வில் எஸ்டேட்டின் பெற்றோர் கையில் இருக்கிறது.