கடலுக்குப் போகுமுன் மலையைப் பாருங்கள்

மாத்தளைக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் செலவில் நமக்கும் பங்கு உண்டு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு நாடு முழுவதற்கும் ஒரே கஜானாதான். வாங்கும் கட்டணத்தை விட உற்பத்திச் செலவு எந்த ஊரில் கூடினாலும் பற்றாக்குறை எல்லோர் தலையிலும் விழும்.

2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தாளையடி நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர். யாழ்ப்பாணத்தின் தாகம் உண்மையானது. அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்றுநீர். அதிலும் உவரும் உரத்தின் நைத்திரேற்றும் கலந்துவிட்டன. அந்த மக்களுக்குத் தண்ணீர் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் இரணைமடுக் குளத்து நீரை யாழ் குடாநாட்டுக்குக் கொண்டுபோக முற்பட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலை நினைத்து எதிர்த்தார்கள். இரு தரப்பையும் அமரவைத்துப் பேசித் தீர்ப்பதை விட, கடலில் குழாய் இறக்குவது ஆட்சியாளருக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தின் விலைதான் நம் கவலை.

ஒரு கன மீட்டர் கடல்நீரை நன்னீராக்க மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் வேண்டும். நிலையம் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 அலகுக்குக் குறையாது. மாதம் 90 அலகு பாவிக்கும் 24,000 வீடுகளின் மின்சாரம் அது. 2022இல் எரிபொருளுக்கு டொலர் இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருட்டில் கிடந்த நாடு இது. நிலையத்தில் உப்பை வடிக்கும் மென்சவ்வும் வெளிநாட்டிலிருந்து வருவதே. குறித்த காலத்தில் மாற்றியே ஆகவேண்டும்.

இனிக் கடலின் பாடு. ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டபடி, உலகெங்கும் ஒரு லீற்றர் நன்னீருக்குச் சராசரி ஒன்றரை லீற்றர் கடும் உப்புநீர் வெளியேறுகிறது. சாதாரணக் கடல்நீரை விடக் கனமானதால் அது அடியில் படியும். மீன் குஞ்சு வளரும் பாசியும் புல்லும் இருப்பது அங்கேதான். தாளையடியை அடுத்த மருதங்கேணிப் பக்கத்துக் கரைவலைத் தொழிலாளர் இதைச் சொல்லியே திட்டத்தை எதிர்த்தார்கள். சென்னைக்கு அருகே நெம்மேலியிலும் காட்டுப்பள்ளியிலும் மீனவர் முறையிட்டது இதையேதான். கடலை அன்றாடம் பார்ப்பவர்கள் இரு கரையிலும் ஒன்றையே சொல்லும்போது அதை அலட்சியம் செய்வது தவறு.

கடலுக்கு மாற்று மலையில் இருக்கிறது. மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்கள் நம் மாவட்டத்தில் எழுந்தன. லக்கல பல்லேகம நகரமே களு கங்கைக்காக மூழ்கியது. வறண்ட வடக்குக்கு நீர் போகும் என்று சொல்லித்தான் அந்த மக்களைப் பெயர்த்தார்கள். அந்த நீரைக் கொண்டுபோகும் கால்வாய்களை முடிப்பது முதல் கடமை. அந்த நீர்த்தேக்கங்களுக்கு நீர் ஊறும் நக்கிள்ஸ் காட்டைக் காப்பது அதற்கும் முந்திய கடமை. குடாநாட்டிலும் வழி இல்லாமலில்லை. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களிலேயே முன்வைத்தார். அது இன்றும் முழுமை பெறவில்லை. தூர்ந்த குளங்களும் கேணிகளும் மண்வெட்டிக்குக் காத்துக் கிடக்கின்றன.

இங்கே ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் இன்னமும் பீலித் தண்ணீர்தான். ஓடையிலிருந்து கறுப்புக் குழாயை இழுத்து, பொருத்துகளில் டியூப் இறப்பரைச் சுற்றி, வாயில் துணி கட்டி வடிப்பார்கள். மழை பெய்தால் வாளியில் பாதி சேறு. இந்த லயங்களுக்கு ஒரு தொட்டியும் வடிகட்டியும் கட்டப் பணமில்லை என்பவர்கள், தாளையடிக்கு மாதம் எவ்வளவு மின்கட்டணம் போகிறது என்று சொல்லட்டும்.

கட்டிய நிலையத்தை மூடச் சொல்லவில்லை. கடும் வறட்சியில் அது உயிர் காக்கும், அதற்கெனவே வைத்திருங்கள். ஆனால் இன்னொன்றுக்குக் கடன் வாங்கக் கூடாது. ஒரு கன மீட்டருக்கு ஆகும் மொத்தச் செலவைச் சபை மாதாமாதம் வெளியிடவேண்டும். கழிவு உப்புநீர் விழும் இடத்தில் எடுக்கும் அளவீடுகளை மருதங்கேணி மீனவர் சங்கங்களிடம் தமிழிலேயே கொடுக்கவேண்டும். மாத்தளையின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவு விவாதத்தில் இந்தக் கணக்கைக் கேட்கவேண்டும்.