'மோஜெ' எண்டால் ஓமா, ஏலுமா?

குரோஷிய மொழியில் ஒரேயொரு சொல்லை மட்டும் படிக்கலாம் எண்டால் நாங்கள் 'மோஜெ'யைத்தான் தெரிவு செய்வோம். அகராதியில் 'முடியும்' எண்டு இருக்கும். அது காணாது. எங்கட 'ஏலும்' கொஞ்சம் கிட்ட வரும், ஆருக்கு ஏலும் எண்டு சொல்லாமலே விளங்குமே, அதுமாதிரி. ஆனால் 'மோஜெ' இன்னும் தூரம் போகும். "மோஜெ கவா?" எண்டால் கோப்பி குடிப்பமோ எண்டு அர்த்தம். பதிலும் "மோஜெ". கேள்வியும் அதுதான், ஓமும் அதுதான். இறைச்சிக் கடையில் தராசு கொஞ்சம் கூடக் காட்டினால் கடைக்காரர் கேட்பதும் இதே சொல்லால்தான்.

1991இல் யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியபோது சொற்களையும் பங்கு பிரித்தார்கள். பாண், குரோஷியாவில் 'க்ரூஹ்', செர்பியாவில் 'ஹ்லெப்'. கோப்பி, சாக்ரெப்பில் 'கவா', பெல்கிரேட்டில் 'கஃபா'. முந்தியே இருந்த வித்தியாசங்கள்தான். பிறகு அவை அடையாள அட்டை ஆகிவிட்டன. (அது எப்பிடியிருக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

'மோஜெ'யை மட்டும் ஒருத்தராலும் பிரிக்க ஏலேல்லை. அதுக்காக ஒரு சொல் சமாதானம் கொண்டுவரும் எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. சண்டை பிடித்த இரண்டு பக்கமும் 'மோஜெ' எண்டுதான் பேசினது. ஆனால் இவை ஒட்டுறவே இல்லாத வேறு வேறு மொழிகள் எண்டு சாதிக்கிறவர்களை நம்ப எங்களுக்கு மனம் வரேல்லை. பெல்கிரேட்டில் இருந்து வந்தவர் சாக்ரெப்பில் பாண் கேட்கேக்க ஒருக்கால் யோசிப்பார். "மோஜெ?" எண்டு கேட்டால் யோசிக்கமாட்டார்.