உட்கார ஒரு ஸ்டூல்

துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கூட்டமே இல்லாத பிற்பகல் 3 மணிக்கும் அவர் நின்றுகொண்டுதான் இருப்பார். இந்தக் கால் வலித்தால் அந்தக் காலுக்கு மாற்றி நிற்பார். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் அலமாரியில் லேசாகச் சாய்வார். திரும்பி வந்தால், ஏற்கெனவே மடித்து வைத்த சேலையை எடுத்து மறுபடியும் மடிப்பார். தாகம் எடுத்தாலும் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்வார். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டுமே! இவரிடம் போய், ‘தினமும் அரை மணி நேரம் தியானம் செய்யுங்கள், டென்ஷன் குறையும்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தியானமும் மூச்சுப் பயிற்சியும் பலன் தருபவைதான். நான்கு நொடி மூச்சை இழுத்து, ஆறு நொடி மெதுவாக வெளியே விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. அதனால்தான் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தாலே படபடப்பு அடங்குவதை உணரலாம். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடப்பதும் நல்லது. பிற்பகலுக்குப் பின் காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயமும் பெரிய எரிச்சலாகிவிடும். இவை எதற்கும் பணம் வேண்டியதில்லை. ஆனால், நம் கையில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மன அழுத்தத்தை மனதின் பலவீனமாகப் பார்ப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையை அப்படிப் பார்ப்பவர்கள் படிக்க வேண்டும். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு என்று எலிகள் பட்ட துன்பம் வெவ்வேறாக இருந்தும், அவற்றின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. கால் கடுக்க நிற்பதும், அடக்கிவைத்த சிறுநீரும், எப்போது திட்டு விழுமோ என்ற பயமும் ஒரே உடலில்தான் சேர்கின்றன.

லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய ‘ஒயிட்ஹால்’ ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பொறுப்பு மிகுந்த உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே இதயநோயால் அதிகம் இறந்தார்கள். 1985-ல் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது ஆய்வு அதற்கான காரணங்களைத் தேடியபோது, தன் வேலையின் மீது தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது முக்கியமான ஒன்றாகத் தெரியவந்தது. எப்போது எழலாம், எப்போது உட்காரலாம் என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாதவரின் நிலையை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

கேரளத்தில் இதை யோசித்தவர்கள் அந்த வேலையைச் செய்த பெண்களேதான். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் தையல் தொழிலாளியான விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் திரட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு இருக்கை கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு அதற்காகச் சட்டத்தைத் திருத்தியது. சென்னை ரங்கநாதன் தெருவின் கடை வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010-லேயே நமக்குக் காட்டிவிட்டது. என்றாலும், கடைகளில் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவைக்கு வர 2021 செப்டம்பர் ஆனது.

இடைவேளை உரிமை இதைவிடப் பழையது. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்பதும் அதில் இருக்கிறது. அப்படியிருக்க, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது நல்லது; அது எழுதப்பட்டிருக்கவே கூடாது.

இன்று நான் போகிற கடைகளில் ஸ்டூல் கண்ணில் படுகிறது. பல இடங்களில் அதன் மேல் துணிப்பைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பணியாளர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். இந்த நினைப்பை வளர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு. வங்கியில் காசாளர் உட்கார்ந்தபடி பணம் எண்ணித் தந்தால் நாம் கோபித்துக்கொள்வதில்லையே! துணிக்கடைப் பெண் உட்கார்ந்தபடி விலை சொன்னால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஸ்டூல்களை எண்ணிக் குறித்துக்கொண்டு போவதால் பயனில்லை. கூட்டம் குறைந்த பிற்பகலில் போய், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது, போய்வரும் நேரத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்று சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது என்பார்கள். அந்த வாரங்களில்தான் இது அதிகம் தேவை. இருவர் பார்க்கும் கவுன்டரில் மூன்றாவதாக ஒருவரைப் போட்டால், மணிக்கு ஒருமுறை ஆளுக்குப் பத்து நிமிடம் மாறி மாறி உட்காரலாம். விற்பனை கொழிக்கும் அந்தச் சில வாரங்களுக்கு அந்த ஒரு சம்பளத்தைக் கடைகள் கொடுக்கட்டும்.