ஸ்நாப்ஷாட் நகல் ஆகாது



கணிப்பொறி வேலைக்குச் செல்லும் பிள்ளை இல்லாத தெரு நம் தொம்மலூரில் இல்லை எனலாம். அப்பிள்ளைகள் நள்ளிரவில் தொலைபேசியில், "ஸ்நாப்ஷாட் எடுத்தாயிற்றா?" என்று வினவுவதைப் பெற்றோர் பலர் கேட்டிருப்பீர்கள். அது புகைப்படம் அன்று. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எனக்கு, என் தமக்கை மகன் அதனை விளக்கினான். நான் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருப்பதுபோல, ஒரு பெரிய கணிப்பொறிக்குள் பல தனிக் கணிப்பொறிகள் இருப்பதாக மென்பொருளால் அமைக்கலாம். அவை மெய்நிகர் பொறிகள் எனப்படும். ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெரும்பொறிகளுக்கு இத்தகைய மென்பொருளை வழங்கியது. 1998இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம் சாதாரணக் கணிப்பொறிகளிலும் இதனைப் பரப்பியது.

இனி, ஸ்நாப்ஷாட் என்பது யாது? பேரேட்டை ஒரு நாள் மாலை கோடிட்டு மூடிவிடுகிறோம் என்று கொள்வோம். அதன்பின் அதில் ஓர் எழுத்தும் எழுதுவதில்லை. வரும் மாறுதல்களையெல்லாம் தனித்தாளில் குறித்துக்கொள்கிறோம். செய்தது பிழையெனத் தெரிந்தால் தாளைக் கிழித்தெறியலாம். பேரேடு பழைய நிலையில் அப்படியே இருக்கும். சரியெனத் தெரிந்தால் தாளில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றிவிடலாம். பொறிக்குள் நிகழ்வதும் இதுவே. மூல வட்டுக் கோப்பு அசையாமல் நிற்கும். மாறுதல்கள் வேறொரு கோப்பில் சேரும்.

புதிய மென்பொருளை ஏற்றும் இரவில் இஃது ஒரு பெருந்துணை. என் மருமகன் ஒருமுறை அவ்வாறு ஏற்றியபோது பொறி அடியோடு நின்றுவிட்டது. சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பினான். காலையில் எவரும் அறியவில்லை.

அந்த வெற்றியே அவனை ஏமாற்றிவிட்டது. வேறொரு பொறிக்கு ஸ்நாப்ஷாட் இருக்கிறதே என்று தனி நகல் எடாமல் விட்டுவிட்டான். ஒரு நாள் வட்டே பழுதாயிற்று. பேரேடும் தாளும் ஒரே பெட்டியில் வெந்தால் எஞ்சுவது யாது? மூன்று வார உழைப்பு போயிற்று. "மாமா, அதை நான் நகல் என்றே நினைத்துவிட்டேன்" என்று அவன் சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது.

தாள்கள் பெருகினாலும் தொல்லையே. அக்கோப்பு வளர்ந்து மூல வட்டின் அளவையே எட்டக்கூடும். இடம் நிரம்பினால் பொறி நின்றுவிடும். ஆதலின் ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டா என்பது விஎம்வேர் தரும் அறிவுரை.

பெரிய நிறுவனங்களும் இவ்வகையில் தடுமாறியதுண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். வழக்கமான நகல்கள் இருக்குமென்று தேடினர், அவை பயன்படவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வட்டின் ஸ்நாப்ஷாட்டை எடுத்து, சோதனைக்குரிய வேறொரு சர்வரில் ஏற்றியிருந்தார். அதுவே கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு மட்டும் திரும்பவில்லை. அதனைக் காத்தது ஸ்நாப்ஷாட் என்னும் பெயர் அன்று. அது வேறிடத்தில் இருந்தமையே.

இவ்வுண்மைக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைப் படியெடுத்து, 1905இல் வெளிவந்த 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் ரைஸ் என்னும் அறிஞர் பதிப்பித்தார். கல் நாளை தேய்ந்தாலும் அவ்வெழுத்து நூலகங்களில் வாழும். அது நகல்.

அன்றிரவு மருமகன் தன் தாயிடம் ஒரு கேள்வி கேட்டான்: "அம்மா, அப்பாவின் படங்கள் எங்கே இருக்கின்றன?" அத்தான் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய படங்கள் அனைத்தும் அக்காளின் ஒரே கைப்பேசியில் இருந்தன. "இரண்டு ஆல்பத்தில் போட்டு வைத்திருக்கிறேனே!" என்றாள் அக்காள். இரண்டு ஆல்பமும் ஒரே கைப்பேசிதானே! அப்போதே அவற்றைத் தனி வட்டு ஒன்றில் ஏற்றினோம். மற்றொரு பிரதி ஊரில் உள்ள பெரியப்பா வீட்டுக்குச் சென்றது.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். பட்டாவும் பள்ளிச் சான்றிதழும் பெற்றோர் முகமும் இன்று ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. வரும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி அவற்றை வேறிடத்திலும் வையுங்கள். வைத்தபின் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளவும் மறவாதீர்கள்.